நைட் மெயிலும் அரைப்பேரும்

உலகத்தின் அழகான ரயில் பாதைகளில் ஒன்று என்று கொழும்பு–பதுளைப் பாதையைச் சொல்கிறார்கள். சொல்பவர்கள் வெள்ளைக்காரர்கள், ஆகவே உண்மையாகத்தான் இருக்கும். என் வாலிபம் முழுக்க இந்தப் பாதையில் போய்வந்தவன் நான். ஆனால் அழகுக்குச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டால் சங்கடம். ஜன்னல் கண்ணாடியில் நான் பார்த்ததெல்லாம் என் முகத்தைத்தான். வெளியே இருட்டு.

தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் கொழும்புக்குப் போவதென்றால் நைட் மெயில்தான். கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலில் பகலிலும் மூன்றாம் வகுப்புக்கு அதே காசு. காசு காரணம் இல்லை, பேர்தான் காரணம். செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவனுக்கு அந்த நாளே கிடையாது. பகல் கோச்சியில் போனால் ஒரு பேர் போச்சு, திரும்பி வந்தால் இன்னொரு பேர் போச்சு. பொழுது சாயப் பதுளையை விட்டுக் கிளம்பும் மெயில் என்றால் பகலெல்லாம் மலையில் நின்று, கொழுந்து நிறுத்து, பேரைப் போட்டுக்கொண்டு, கை கால் கழுவிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடலாம். ஹப்புத்தளை வருவதற்குள் கும்மிருட்டு. பள்ளத்தாக்கு, அருவி, பனி, பாலம் என்று இன்று விளம்பரத்தில் வரும் சமாசாரம் எல்லாவற்றையும் கண்ணில் படாமல் கடத்திக்கொண்டுபோய், விடியுமுன்னே கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் தள்ளிவிடும். திரும்பி வரும்போதும் அப்படித்தான். பண்டாரவளைப் பக்கம் வெளிச்சம் வரும். சரி, பார்ப்போம் என்று கண்ணைக் கசக்கினால் இறங்கும் இடம் வந்துவிடும்.

பாதை எங்களுக்காகப் போட்டதில்லை என்பது தெரிந்த கதை. முதலில் கோப்பி, பிறகு தேயிலை. 1885இல் நானுஓயா, 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை என்று மளமளவென்று வந்த இரும்புப் பாதை, பதுளையைத் தொட்டது 1924இல். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு 30 வருஷம். இப்போது அரை மணித்தியாலம் தாமதமானால் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இடையில் ஒரு உலக யுத்தமும் நடந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கும் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கட்ட இரும்பு கிடைக்காமல்தான் கல்லையும் சீமெந்தையும் வைத்துக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். நாங்கள் அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. கல்லுப் பாலம், அவ்வளவுதான். குறுக்கு வழியாக அதில் நடந்து போனோம். யாரும் எங்களைப் படம் எடுக்கவில்லை. எப்போதாவது லைன் பார்க்க வந்த ரயில்வேக்காரர் விரட்டினார்.

எங்கள் தெமோதரை ஸ்டேஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பதுளைப் பக்கமிருந்து வரும் கோச்சி ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் முதலில் நுழையும். பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு ஏறிவந்து, அதே ஸ்டேஷனில் மேலே நிற்கும். அவ்வளவு செங்குத்தில் நேராக ஏற முடியாததால் செய்த வேலை. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் எஞ்சினியருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, கதையில்கூட எங்கள் ஆளுக்குக் கிடைத்தது தலைப்பாகை மட்டும்தான்.

இந்தச் சுற்றால் எங்களுக்கு ஒரு வசதி. காலடியில் கடகடவென்று சத்தம் கேட்ட பிறகும் கோச்சியைப் பிடிக்கலாம். "கீழ போகுது, ஓடு ஓடு!" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் குரல் கேட்கும். பெட்டியும் பையுமாக ஆட்கள் குறுக்குப் பாதையில் ஏறி ஓடி வருவார்கள். கோச்சி மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றி வந்து நிற்கும்போது, கீழே தவறவிட்டவர்கள் மேலே முதல் ஆளாக நிற்பார்கள். வேறெந்த ஊரில் இப்படி ஒரு சலுகை உண்டு?

எங்கள் வம்சத்தில் இந்த மலையை முதல் முதலாகப் பகலில் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தது என் பெரியப்பா குடும்பம். எழுபதுகளின் நடுப்பகுதி. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மீதி 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கோடு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் விழுந்தது. தலைமன்னார் ராத்திரி ரயிலைப் பொல்காவலையில் பிடிக்கவேண்டுமென்றால் பதுளையிலிருந்து வரும் காலைக் கோச்சியில் ஏறவேண்டும். அவர்களுக்குப் பகல் போனால் என்ன? பேர் போய்விடுமே என்ற கவலை இல்லை. செக்ரோலில் பேரையே அடித்தாயிற்று.

அழுகைக் கோச்சி என்றுதான் அதைச் சொல்வோம். தகரப் பெட்டிகளில் வெள்ளைப் பெயின்டால் பெயரும், மண்டபம் முகாம் என்ற விலாசமும் எழுதியிருந்தது. கீழே சுரங்கத்தில் சத்தம் கேட்டதும் அப்பாயி மாரில் அடித்துக்கொள்ளத் தொடங்கினாள். கோச்சி சுற்றி மேலே வர எடுக்கும் சில நிமிஷம் முழுக்க அழுகை. கோச்சி வந்து நின்றதும் எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டுச் சாமான் ஏற்றினார்கள். நின்று அழ நேரம் கிடையாது. பெரியப்பா ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்த பிறகு எழுதிய முதல் கடிதத்தில் வெயிலைப் பற்றியும், 'ராமானுஜம்' கப்பலில் பெரியம்மா வாந்தி எடுத்ததைப் பற்றியும் இருந்தது. கடைசியில் ஒரு வரி: நம்ம மலை கோச்சியிலிருந்து பார்க்க நல்லா இருக்கு. ஆயுளெல்லாம் அதில் வேலை செய்தவர். பார்க்க நேரம் கிடைத்தது போகும்போதுதான்.

நான் நைட் மெயில்காரன் ஆனது அதற்குக் கொஞ்ச காலம் கழித்து. பள்ளிக்கூடத்தை விட்டதும் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு அனுப்பினார்கள். அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக் கொடுப்பாள். தோட்டத்தில் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்த கருப்புக் கம்பளி ஒன்று. இருக்கை என்பது கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் தரை. தரையில் படுக்க வீரகேசரி விரிப்பது வழக்கம். ஞாயிறு இதழ் என்றால் இன்னும் விசேஷம், தடிப்பு அதிகம். படுத்தபடியே பக்கத்து ஆளின் தலைமாட்டிலுள்ள தொடர்கதையை வாசிக்கலாம். அவர் புரண்டு படுத்தால் கதை விட்டுப்போகும். அப்படி நான் முடிவு தெரியாமல் விட்ட கதைகள் பல. பட்டிப்பொலவில் குளிர் எலும்புக்குள் இறங்கும். 6,226 அடி என்று பலகை போட்டிருக்கும், இலங்கையிலேயே உயரமான ஸ்டேஷன். அந்த உயரத்தைக் கண்ணால் கண்டதில்லை. பல்லுக் கிட்டுவதை வைத்து, பட்டிப்பொல வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வோம்.

இழுத்துக்கொண்டு போன எஞ்சின்களில் சில, ஐம்பதுகளில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்தவை. அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று அந்த நாட்டு மாகாணங்களின் பெயரைத் தாங்கியவை. மூன்று தலைமுறை இங்கே பிறந்தவனுக்குப் பிரஜாவுரிமை இல்லாத காலத்தில், அல்பேர்ட்டா எந்தக் கடிதமும் காட்டாமல் மலைக்கும் கொழும்புக்கும் போய்வந்தது.

நாங்கள் காட்டவேண்டியிருந்தது. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், கொழும்பும் பதுளையும் ஒரே வாரத்தில் எரிந்தன. எந்தப் பக்கம் போகும் கோச்சியில் ஏறுவது என்பதே கேள்வி. அதன் பிறகு வந்த வருஷங்களில் நைட் மெயிலில் தூக்கம் கெட்டது குளிரால் இல்லை, டோர்ச் லைட்டால். "ஐடென்டி?" பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அடையாள அட்டை எங்கே? தோட்டத்துக் கடிதம், கடை முதலாளி கடிதம், பொலிஸ் பதிவு என்று ஒரு கட்டையே சட்டைப் பைக்குள் வைத்திருப்போம். கடிதங்களைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவரும் உண்டு. தமிழ் எழுத்து, அவர்மேல் குற்றமில்லை. நாடற்றவர் என்ற பிரச்சினையைக் கடைசியாகத் தீர்த்த சட்டம் 2003இல் வந்தது. அதற்குள் என் தலை நரைத்துவிட்டது. நரைத்த தலைக்கு யாரும் டோர்ச் அடிப்பதில்லை.

இனி இப்போதைய கதை. போன முறை ஹப்புத்தளையில் ஒரு கலியாணத்துக்குப் பேத்தியோடு கிளம்பினேன். கடை இல்லை, பெரட்டு இல்லை, வயது போயிற்று, பகலிலேயே போவோம் என்றேன். பேத்தி போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, சீட் எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றாள். ஒரு மாதம் இருக்கிறதே என்றேன். எல்ல ரயில்களின் இணைய டிக்கட்டுகள் 42 விநாடியில் விற்றுத் தீர்ந்த விஷயம் 2025 தொடக்கத்தில் செய்தியில் வந்து, விசாரணை, கைது என்று போனதை அவள்தான் எனக்கு விளக்கினாள். வாங்கிப் பதுக்கி, சுற்றுலாக்காரருக்குப் பல மடங்குக்கு விற்பார்களாம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021இல், 1,350 ஆனது 2024இல். அதற்கு எத்தனை வருஷப் போராட்டம், எத்தனை பேச்சுவார்த்தை! இங்கே 42 விநாடி.

பதியாத பெட்டியில் ஏறினோம். அந்தக் காலத்தில் வாசலில் தொங்குபவனைக் காவாலி என்பார்கள். கார்ட் பார்த்தால் விசிலும் வசவும் சேர்ந்து வரும். இப்போது வாசலில் தொங்குவதற்கு வரிசை. ஒரு ஜோடி இறங்கினால் அடுத்த ஜோடி. செல்பி எடுக்கப் போய் விழுந்து செத்தவர்களும் உண்டு, ஆனாலும் வரிசை குறையவில்லை. கல்லுப் பாலத்தின் மேல் கோச்சி ஏறியதும் இரண்டு பக்கத்து மேட்டிலும் நூற்றுக்கணக்கான பேர் நின்று எங்களைப் படம் எடுத்தார்கள். அந்தப் பாலத்தில் என்னை விரட்டிய ரயில்வேக்காரர் இருந்திருந்தால் கைகால் ஓய்ந்திருப்பார்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். நல்ல பிள்ளை. மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்ததே அவள் தயவில்தான். வெளியே கை காட்டி, இந்த மலை எவ்வளவு அழகு என்றாள். பார்த்தேன். தெரிந்த மலைதான். "அட்டைக்கடி கூட" என்றேன். பேத்தி அதை இங்கிலீஷில் எப்படி மாற்றினாளோ தெரியாது, அந்தப் பெண் கண் கலங்கும் அளவுக்குத் தலையாட்டினாள். அப்போது மேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து கோச்சியைப் பார்த்தார்கள். பெட்டியிலிருந்த போன்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. கங்காணி சத்தம் போட்டிருக்கவேண்டும், பெண்கள் குனிந்துகொண்டார்கள். குனிந்தால் படம் இன்னும் நன்றாக விழுமாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைப் பாதையைப் பல இடங்களில் மண்ணால் மூடிவிட்டது. அப்போது என் காதில் முதலில் விழுந்த கவலை, சுற்றுலா சீசன் போச்சே என்பது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்களுக்குக் கவலையின் வரிசை வேறு. ஆனால் பாதை பணம் கொண்டுவருவதும் உண்மை. எல்லவில் எங்கள் பிள்ளைகள் பலருக்கு ஹோட்டலில் வேலை. பழிக்க வாய் வரவில்லை.

அந்தப் பிள்ளைகளும், கொழும்புக் கடைப் பிள்ளைகளும், புயலுக்கு முன்வரை தீபாவளிக்கு வந்ததும் போனதும் நைட் மெயிலில்தான். தரையில்தான் படுத்தார்கள். விரிக்க வீரகேசரி இல்லை, போன் வெளிச்சம் இருந்தது. அதில் சிலபேர் மலையக ரயில் வீடியோவை, யாரோ பகலில் எடுத்ததை, பார்த்துக்கொண்டு போனார்கள்.

ரயில்வேக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். பகல் ரயில் ஒன்றில் ஒரே ஒரு பெட்டியை இணையத்தில் போடாமல் வையுங்கள். பதுளை, ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை கவுண்டர்களில் நேரில் வரும் ஊர்க்காரருக்கு, ஐடென்டியைப் பார்த்தே கொடுங்கள். இப்போதுதான் எல்லோரிடமும் இருக்கிறதே. தோட்டத்துத் துரைமாருக்கும் ஒன்று: அந்தப் பெட்டியில் ஏறும் தொழிலாளிக்கு வருஷத்தில் ஒரு நாள், அரைப்பேர் இல்லை, முழுப்பேர் போடுங்கள்.