வேலிப் பொட்டு

எங்கள் சண்டிலிப்பாயில் ஆட்டுக்குப் பயந்து வேலி அடைப்பவர்கள் குறைவு. கண்ணுக்குப் பயந்துதான் அடைப்போம். அப்பா காலத்தில் வருசா வருசம் கிடுகு வாங்கி, பூவரசங் கதியாலில் இறுக்கிக் கட்டுவோம். கட்டி முடிந்த அன்றைக்கே அயலவர் எட்டிப் பார்க்க ஒரு பொட்டுப் போட்டுவிடுவார். நாங்களும் எங்கள் பக்கத்தால் இன்னொன்று போடுவோம். இப்போது கிடுகு போய்த் தகரம் வந்துவிட்டது. தகரத்தில் பொட்டுப் போடுவது பெரும்பாடு. அதனால் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன மாதம் முழங்காலுக்குக் கட்டும் பட்டி என்ன விலையென்று போனில் தேடினேன். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தகரத்துக்கு மேலால் அக்காவின் தலை தெரிந்தது.

"என்ன தம்பி, முழங்கால் நோகுதோ? என்ரை போன் முழுக்க முழங்கால் பட்டியாத்தான் வருது. எனக்கு நோகிறது இடுப்பெல்லே!"

கொழும்பில் கணினி வேலை பார்க்கும் மகனைக் கேட்டேன். "போன் ஒட்டுக்கேக்கேல்லை அப்பா" என்றான். விளம்பரக்காரர் ஆளை அடையாளம் காண ஒவ்வொரு போனிலும் ஓர் எண் இருக்கிறதாம். நாம் போய் வரும் தளங்கள் குக்கீ என்றொரு துணுக்கைப் போனில் விட்டுவைக்கின்றனவாம். ஒரே வைஃபையில் தொங்கும் போன்களை ஒரே குடும்பம் என்று எண்ணிவிடுவதும் உண்டாம். எங்கள் இரண்டு வீட்டு நாற்பது வருச எல்லைச் சண்டையில் விதானையாராலும் முடியாத சமாதானத்தை விளம்பரக்காரர் செய்துவிட்டார்கள்.

செற்றிங்சுக்குள் போய் அந்த எண்ணை அழித்தேன். கடவுச்சொல்லையும் மாற்றினேன். முழங்கால் விட்ட அளவுக்கு நிமிர்ந்து நடந்தேன்.

பிறகுதான் கல்வளைப் பிள்ளையார் கோயில் திருவிழா வந்தது. சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிய அதே பிள்ளையார். வீதியில் கச்சான் வாங்கித் தின்று முடித்துச் சுருளை விரித்தால், உள்ளே நான்! என்னுடைய அடையாள அட்டையின் பிரதி. எங்கோ எடுத்தபோது மங்கலாய் வந்ததென்று ஒதுக்கிய தாள். முகம்தான் மங்கல், இலக்கம் பளிச்சென்று இருந்தது.

பக்கத்தில் நின்ற அக்கா முந்தித் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். எட்டிப் பார்த்தார்.

"58112... தம்பி, நீங்கள் ஐம்பத்தெட்டாம் ஆண்டு சித்திரை இருபத்தொண்டோ? அறுபத்திரண்டெண்டெல்லோ சொல்லித் திரியிறியள்!"

பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும், பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்து எண்ணினால், அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 2016இல் வந்த 12 இலக்கத்தில் வருடத்தை நாலு இலக்கத்தில் முழுதாய்ப் போட்டுவிட்டார்கள். பழையதில் நூற்றாண்டாவது மறைந்திருந்தது. கலியாணம் பேசுகிற காலத்தில் சாதகத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த சனம் நாங்கள். அதே நாளையும் வருடத்தையும் சிம் கடையிலும் வங்கியிலும் கேட்ட மாத்திரத்தில் நீட்டுகிறோம். அந்தத் தாளோடு என் பெயரில் ஒருவன் சிம் எடுக்கலாம், கடனும் கேட்கலாம். என் ஓய்வூதியத்தை நம்பி எவன் கடன் கொடுப்பான் என்பது வேறு கதை.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2025 மார்ச்சில் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரவேண்டிய நேரத்தில் ஒத்திவைத்தார்கள். கச்சான்காரர் அதுவரை பொறுப்பாரா?

நீங்களாவது பிரதி கொடுக்கும்போது, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று அதன் குறுக்கே பேனையால் எழுதிக் கொடுங்கள். மங்கலாய் வந்த தாளையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.