‘கேஷ்’ தமிழேதான் என்று சாதிப்பது எப்படி?

முதலில் இடம். கல்யாணப் பந்தியில் ரசம் வரும் நேரம் உத்தமம். பாதி இலையில் யாரும் எழுந்து ஓட முடியாது. “நம்ம காசுதான் இங்கிலீஷ்ல கேஷ் ஆச்சு, தெரியுமோ?” என்று ஆரம்பியுங்கள். ஆதாரம் கேட்கும் மாமாவிடம், “அகராதியிலேயே போட்டிருக்கான் மாமா” என்று அடித்துவிடுங்கள். பாதி உண்மை. பந்திக்கு அது தாராளம்.

ஆனால் நீங்கள் அகராதியைத் திறந்துவிடாதீர்கள். திறந்தால் கேஷ் ஒருவரல்ல, இருவர் என்பது தெரிந்துபோகும். பர்ஸில் இருப்பவர் ஐரோப்பிய வம்சம். லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. அது இத்தாலியிலும் பிரான்சிலும் புரண்டு இங்கிலீஷுக்கு வந்தபோது பணப்பெட்டியைத்தான் குறித்தது. அப்புறம்தான் பெட்டிக்குள் இருந்ததற்குப் பெயரானது. சூட்கேஸில் இருக்கும் கேஸ் இவருக்குப் பங்காளி. கோர்ட் கேஸ் உறவே இல்லை.

இன்னொருவர் நம்மவர். காசு, போர்ச்சுக்கீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகி, இங்கிலீஷ்காரர் வாயில் கேஷ் ஆனது. (போர்ச்சுக்கீசிய மொழியில் காய்ஷா என்றால் பெட்டியும்தான். இதை மாமாவிடம் சொல்ல வேண்டாம்.) கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வராகனைத் துரைமார் ‘பகோடா’ என்பார்கள்; பந்தியில் அதை எடுத்தால் பேச்சு திசை மாறிவிடும்.

கையில் காட்ட ஏதாவது வேண்டுமென்றால் 1808-ஆம் வருஷத்து 20 காசுச் செப்பு நாணயம் ஒன்றைத் தேடி வாங்குங்கள். பர்மிங்காம் பக்கம் அடித்தது. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கங்கள், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதனடியில் ‘எக்ஸ் எக்ஸ் கேஷ்’. தமிழ் எழுத்து மருந்துக்கும் கிடையாது. ஆகவே தூரத்தில் வைத்தே காட்டுங்கள். இந்தக் காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், இங்கிலாந்துக் கரையைத் தாண்டுமுன்பே 1809 ஜனவரியில் மணல்திட்டில் மூழ்கியது.

மாமா இன்னும் மசியவில்லையா? சீனாவின் சதுர ஓட்டைக் காசையும் இங்கிலீஷ்காரர்கள் கேஷ் என்றே அழைத்தார்கள் என்று போடுங்கள். இது முழு உண்மை. தைரியமாகக் குரலை உயர்த்தலாம். ஆனால் பக்கத்து இலைக்காரர், “காசே சமஸ்கிருதக் கர்ஷத்திலிருந்து வந்ததுதானே?” என்று ஆரம்பித்தால், மோருக்குக் காத்திராமல் இலையை மடியுங்கள்.

கேஷியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கிக் கேஷியர் அந்தப் பெட்டிக் குடும்பம். பழைய பட்டாளக் கதையில் அதிகாரியை ‘கேஷியர் செய்தார்கள்’ என்று வந்தாலோ, அவமானப்படுத்தி வேலையைவிட்டுத் துரத்தினார்கள் என்று அர்த்தம். அது டச்சு வழியாக வந்த வேறு சொல். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது தரகர் “பையன் கேஷியர்” என்றால், எந்தக் கேஷியர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.