ரெப்போ அண்ணன்

ஒரகடம் கூட்ரோட்டில் ஏ ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் போனில் ரீல்ஸ் பார்ப்பார்கள். அவர் பணவீக்கம் பார்ப்பார். படப்பைப் பக்கம் சொந்த வீடு, இருபது வருடக் கடன், மாறும் வட்டி. இந்த மூன்றும் சேர்ந்தால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எந்தக் கம்பெனி பஸ்ஸிலும் ஒரு ரெப்போ அண்ணன் உருவாகிவிடுவார்.

அவர் அவதரித்தது 2022 மே 4 அன்று. ரிசர்வ் வங்கி வழக்கமான தேதிக்குக் காத்திராமல் திடீரென்று ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, 4-லிருந்து 4.40 சதவீதமாக ஏற்றிய நாள் அது. அடுத்த பிப்ரவரிக்குள் 6.50. அதுவரை நகைக்கடன் வட்டியைத் தவிர வேறெதுவும் அறியாத மனிதர், பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். 30 லட்சம், 20 வருடம், 7 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். வட்டி 9.5 ஆனால் 30 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 23,750. தவணையை ஏற்றாமல் விட்டால் அசல் குறையாது, குட்டி போடும்.

அன்றிலிருந்து, "தம்பி, தக்காளி என்ன விலை?" என்று அவர் கேட்டால் அது சாம்பாருக்காக இல்லை. விலைவாசிக் குறியீட்டில் அப்போது பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு உணவுக்கு. 2023 ஜூலையில் தக்காளி எகிறியபோது பணவீக்கம் 7.44 சதவீதம், ரிசர்வ் வங்கியின் இலக்கோ 4. பணவீக்கம் இப்படி எகிறினால் வட்டி எங்கே இறங்கும்? அந்த மாதம் அண்ணன் வீட்டில் புளி ரசம்தான்.

"நாம ரெண்டு கிலோ வாங்கலைன்னா வட்டி குறைஞ்சிருமாங்க?" என்றார் மனைவி. அண்ணனிடம் பதில் இல்லை.

அவருடைய உண்மையான சிக்கல் வேறு. நாட்டுக்குக் கெட்ட செய்தி வந்தால்தான் அவருக்கு முகம் மலரும். "தொழில் உற்பத்தி சரிவு" என்று படித்தால், "இந்தத் தடவை கால் சதவீதம் நிச்சயம் குறைப்பாங்க பாரு" என்று பக்கத்து சீட்டுக்காரர் தொடையில் தட்டுவார். "அண்ணே, அந்த உற்பத்தி நம்ம லைன்தாண்ணே" என்பான் பயிற்சிப் பையன். பையன் சொல்வது பொய்யில்லை. 2019-ல் ரெப்போ 6.50-லிருந்து 5.15-க்கு இறங்கியது. அதே வருடம்தான் கார், லாரி விற்பனை படுத்து, ஆலைகள் உற்பத்தியில்லா நாட்களை அறிவித்தன. வட்டியில் மிச்சமாவதை ஓவர்டைம் இழப்பு தின்றுவிடும்.

2025-ல் மட்டும் அவருக்கு யோகம். ஓவர்டைமும் இருந்தது, ரெப்போவும் நான்கு கட்டமாக 6.50-லிருந்து 5.25-க்கு வந்தது. ஜூனில் ஒரேயடியாக அரை சதவீதம் குறைந்தபோது பஸ் முழுக்கச் சமோசா. தவணை மட்டும் அசையவில்லை. கடன் கொடுத்த கிளைக்குப் போய் ஒரு மணி நேரம் பொருளாதாரம் பேசினார். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சார், நாங்க பேங்க் இல்ல, ஹவுசிங் ஃபைனான்ஸ். எங்க ரேட்டை நாங்கதான் வைப்போம்."

மாறும் வட்டி வீட்டுக்கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று 2019 அக்டோபரில் வந்த விதி வங்கிகளுக்கு மட்டும்தான். வீட்டுக்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. நீங்களும் கடன் வாங்கியவர் என்றால், அனுமதிக் கடிதத்தில் உங்கள் வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். தக்காளி விலையை அப்புறம் விசாரிக்கலாம்.