குலதெய்வத் தூரமும் மின்கார்த் தேர்வும்: ஓர் ஆய்வு

1. பாயிரம்

மின்சாரக் கார் வாங்குவது எப்படி என்று சொல்லித்தரக் காணொளிகள் ஏராளம். வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருப்பது எப்படி என்பது பற்றித்தான் முறையான ஆய்வு எதுவும் இவ்வாய்வாளன் கண்ணில் படவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வுக் காலம் 14 மாதம். களம், சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடி. தகவலாளர்கள், அப்பா, அம்மா, மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள். கருவி, 23 பத்திகள் கொண்ட ஓர் எக்செல் தாள்.

2. வரலாற்றுப் பின்புலம்

சாலை வாகனங்களில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டியது ஒரு மின்சாரக் கார்தான். 1899இல் பிரான்சில் அதை ஓட்டியவர் காமில் ஜெனாட்ஸி என்னும் பெல்ஜியக்காரர். காரின் பெயர் 'லா ஜமே கோன்தாந்த்'. 'ஒருநாளும் திருப்தியடையாதவள்' என்று பொருள். வாங்கப்போகிறவர்களின் குணத்தை அன்றே உணர்ந்து வைத்த பெயர் என்பது இவ்வாய்வாளன் துணிபு.

இந்தியாவில் 2001இல் பெங்களூரிலிருந்து ரேவா வந்தது. அது சின்னஞ்சிறு கார் என்பதால், அதில் அம்மாவை ஏற்றுவது எப்படி என்ற கேள்வியோடு அக்காலகட்டம் முடிவுற்றது. 2020இல் நெக்ஸானின் மின்சார வடிவம் வந்தபின் டியாகோ, காமெட், பஞ்ச், விண்ட்சர் என்று பட்டியல் நீண்டது. எக்செல் தாளும் நீண்டது.

3. பாடபேதங்கள்

சுவடி ஆய்வில் ஒரே பாட்டுக்கு இரண்டு பாடங்கள் இருப்பதுண்டு. மின்காரில் ரேஞ்சுக்கும், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்துக்கும், அப்படித்தான். 45 கிலோவாட்மணி பேட்டரி உள்ள நெக்ஸானுக்குச் சோதனைச்சாலைப் பாடம் 489 கிலோமீட்டர். நடைமுறையில் எதிர்பார்க்கக்கூடியதென்று தயாரிப்பாளரே தரும் பாடம் சுமார் 350. இரண்டும் மெய்யே. சோதனை ஓட்டத்தில் வேகம் 90ஐத் தாண்டாது, ஏசி ஓடாது, பின்சீட்டில் மாமியார் வீட்டுப் பலாப்பழம் இருக்காது. இச்சோதனைகளுக்குப் பேர்போன புனே நிறுவனத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரை எழுத்துக்கூட்டித் தமிழில் வாசித்தால் 'ஆராய்' என்று வருகிறது. இது தற்செயல் என்று ஒதுக்கிவிட இவ்வாய்வாளனுக்கு மனம் வரவில்லை.

எக்செல் தாளின் பத்திகள் ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு புரவலர் உண்டு. விண்ட்சரின் பின்சீட்டு 135 டிகிரி சாயும் என்று தெரிந்த அன்றே அப்பாவின் ஆய்வு நிறைவடைந்தது. ஷோரூமில் அதில் சாய்ந்தவரை எழுப்பித்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. மூன்று மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள காமெட் எங்கள் தெருவுக்கென்றே செய்தது என்பது மனைவியின் கட்சி. பச்சை நம்பர் பிளேட் இருந்தால் போதும், எந்தக் காரானாலும் சரி என்பது மகளின் கட்சி.

4. யூனிட் கணக்கு

கிலோவாட்மணி என்று பயமுறுத்துவது வேறொன்றுமில்லை, ஈபி பில்லில் வரும் யூனிட்தான். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இப்போதுள்ள எங்கள் பெட்ரோல் கார் ஒரு நாளைக்கு ஓடுவது 18 கிலோமீட்டர்: பள்ளி, அலுவலகம், கீரைக்கடை. அதற்கு மூன்று யூனிட்டே அதிகம். ஏசிக்குப் போடும் 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் ஏறும். அதாவது, அம்மா இரண்டு சீரியல் பார்த்து முடிப்பதற்குள் மறுநாள் பயணத்துக்கான சார்ஜ் தயார்.

அந்தப் பிளக்கைக் கார் நிறுத்துமிடத்தில் வைப்பது தனித் துறை. நம் வீட்டு மீட்டரிலிருந்தே கீழே லைன் இழுத்துக்கொள்ளலாம் என்பதை அசோசியேஷன் கூட்டத்தில் படம் வரைந்து விளக்கினேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சார், நீங்க சார்ஜ் போடுறப்ப லிஃப்ட் நின்னுட்டா யார் பொறுப்பு?" என்றார். எங்கள் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. இனிமேல் வைத்தால், என்றார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

5. கருதுகோள்

இவ்வளவும் தெளிந்தபின்னும் கார் வாங்கப்படவில்லை. காரணம் அம்மா கேட்ட ஒற்றைக் கேள்வி: "ஏப்பா, ஒரே மூச்சுல அய்யனார் கோயில் வரைக்கும் போயிருமா?"

எங்கள் குலதெய்வம் இருப்பது மதுரை தாண்டி, அருப்புக்கோட்டைப் பக்கம். சுமார் 500 கிலோமீட்டர். போவது வருஷத்தில் ஒருமுறை. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் எல்லா வீட்டிலும் இதே கேள்வி, ஊர்தான் வேறு. இதிலிருந்து பெறப்படும் நூற்பா:

"ஊர்தி வலிமை ஓடும் நாளன்று
ஓடா நாளின் தூரமே அளவை."

இதன் பொருள்: காரின் திறனை அளப்பது அது தினமும் ஓடும் 18 கிலோமீட்டரை வைத்தன்று; வருஷத்தில் 364 நாளும் ஓடாத 500 கிலோமீட்டரை வைத்தே என்றவாறு. இவ்வளவைக்குக் 'குலதெய்வத் தூரம்' என்று பெயர் சூட்டலாம்.

6. தடையும் விடையும்

பெட்ரோல் கார் மட்டும் ஒரே மூச்சில் போய்விடுமா என்பது தடை. டேங்க் போகும், உள்ளே இருப்பவர்கள் போகமாட்டார்கள் என்பது விடை. பழைய பயணங்களை நினைவுகூர்ந்து கணித்ததில் அப்பாவின் ரேஞ்ச் 80 கிலோமீட்டர். அதற்குள் டீ வேண்டும், டீ குடித்தால் அடுத்த 40இல் ஓரங்கட்ட வேண்டும். மகளின் ரேஞ்ச், திண்டிவனம் வளைவுக்கு முன்பே வாந்தி வருவதால், கணிக்கத்தக்கதன்று. திருச்சியில் சாப்பாட்டுக்கு இறங்கினால் முக்கால் மணி நேரம். அதே நேரத்தில் வேகச் சார்ஜரில் பாதிக்கு மேல் ஏறிவிடும். ஆகவே இக்குடும்பத்தில் மிக நீண்ட ரேஞ்ச் உடைய உறுப்பினர் பேட்டரியே.

7. களச்சான்று

இதை உறுதிப்படுத்த, கைபேசியில் உள்ள கோயில் படங்களை ஆண்டுவாரியாக எடுத்துப் பார்த்தேன். ஆறு ஆண்டுப் படங்கள். பொங்கல் பானை, வாழைத்தார், புகையில் கண் கசக்கும் அத்தை, வேட்டியை மடித்துக்கட்டிய சித்தப்பா. ஒவ்வொரு படத்திலும் பின்னால் ஒரு வெள்ளை வண்டி. பெரிதாக்கிப் பார்த்தேன். வேன். ஆறு ஆண்டும் வேன்தான். பதினொரு பேர், மூன்று கூடை, ஒரு வெண்கலப் பானை. இது எந்தக் காரிலும் அடங்காது என்று ஆறு ஆண்டுக்கு முன்பே முடிவுசெய்து, அதற்குத் தலைக்கட்டு வரியும் கொடுத்துவந்திருக்கிறோம். எங்கள் பெட்ரோல் கார் அந்நாட்களில் சென்னையில் உறை போர்த்தித் தூங்கியிருக்கிறது.

பதினான்கு மாத ஆய்வு எந்தத் தூரத்தை மையமாகக் கொண்டதோ, அந்தத் தூரத்தை எங்கள் கார் ஆறு ஆண்டாக ஓடியதே இல்லை.

8. முடிவுரை

படங்களை அம்மாவிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அத்தை இளைத்துவிட்டதைக் கவனித்தார். பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஒருவேளை வேன்காரன் வரலைன்னா?"

எக்செல் தாளில் 24ஆவது பத்தி சேர்க்கப்பட்டுள்ளது. ஆய்வு தொடர்கிறது. அந்தப் படங்களில் வேனுக்குப் பக்கத்தில் அய்யனாரின் மண்குதிரை ஒன்றும் நிற்கிறது, முன்னங்கால் தூக்கியபடி, ஆறு ஆண்டும் அதே இடத்தில். அதன் ரேஞ்ச் என்னவென்று எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை.