மாமாவைக் கேளுங்கள்: கோபுரம் கட்டு, வழியை நீட்டு!

தூக்கம் கெட்டவன், துறையூர்
டவர் டிஃபென்ஸ் கேம் என்றால் என்ன, ஒரே மூச்சில்?

ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் தப்பிக்கப் பார்க்கும் கூட்டத்தை, நடுவழியில் கோபுரம் நட்டுச் சுட்டுத் தள்ளுவது. விட்டீர்களா மூச்சை?

குழப்பவாதி, குளித்தலை
வளைத்து வளைத்துப் பாதை கட்டினேன். எதிரி குழம்பவே இல்லையே?

குழம்ப மாட்டான். நீங்கள் கோபுரம் வைத்த மறுநொடியே மிகக் குறுகிய வழியைக் கணக்குப் போட்டுவிடுவான். அவனைத் திணறடிப்பது உங்கள் வேலையே அல்ல. நடக்கவைத்தே கொல்வதுதான் வேலை. இந்த வகைக் கணக்குகளுக்குத் தாத்தா எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் வருங்கால மனைவியோடு கடைத்தெரு சுற்றிக் களைத்து, காபிக் கடையில் உட்கார்ந்து, பேப்பர் பேனா இல்லாமல் 20 நிமிடத்தில் யோசித்துவிட்டார். ஜவுளிக்கடை வாசலில் பை சுமந்து நிற்கும் கணவர்களே, காலத்தை வீணடிக்காதீர்!

புராணப் பிரியை, புதுக்கோட்டை
அபிமன்யு மாட்டிய சக்கர வியூகம் மாதிரிதானே?

நேர்மாறு. அவனுக்கு வெளியே வரும் வழி தெரியாது. கேம் எதிரிக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். தெரிந்தே சாகிறான், பாவம்.

அடைப்பான், அரியலூர்
வழியை ஒரேயடியாக அடைத்துவிட்டால்?

'டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ்' அந்தக் கட்டத்தில் கோபுரம் வைக்கவே விடாது. வேறு சில கேம்களில் அடைக்கலாம். எதிரி கோபுரத்தையே இடித்துக்கொண்டு வருவான். ஆக்கிரமிப்பை உடனுக்குடன் அகற்றும் இலாகா இது ஒன்றுதான்.

கஞ்சன், கரூர்
கையில் காசு குறைவு. எங்கே ஆரம்பிக்க?

'டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ்' என்றால், மலிவான 'பெல்லட்' கோபுரங்களை வரிசையாக வைத்துச் சுவராக்குங்கள். முதல் சுவருக்குக் கீழே சந்து, அடுத்ததற்கு மேலே சந்து. கூட்டம் மேலும் கீழுமாக அலையும். சுடும் சரக்கைச் சுவரின் நடுவில் வையுங்கள்: போகும்போது ஒரு அடி, திரும்பி வரும்போது இன்னொரு அடி. பக்கத்திலேயே ஒரு 'ஃப்ராஸ்ட்' கோபுரம் இருந்தால் குளிரில் நடை தளரும். காசு சேர்ந்ததும் புதிதாகக் கட்டாதீர்கள், இருப்பதை மேம்படுத்துங்கள். என்னைக் கேட்டால், எதிரிக் கூட்டத்தின் முதல் பத்து அலையில் கஞ்சன்தான் ஜெயிப்பான். ஊர்ப் பெயரைக் காப்பாற்றுங்கள்!

வித்தைக்காரன், விருத்தாசலம்
'ஜக்லிங்' என்கிறார்களே?

கூட்டம் வெளிவாசலை நெருங்கும்போது அந்தச் சந்தை அடைத்து, மறுகோடியில் ஒரு கோபுரத்தை விற்றுச் சந்து திறப்பது. மொத்தப் படையும் அபவுட் டர்ன். அங்கே நெருங்கினால், மறுபடி இங்கே. "இந்த கவுன்ட்டர் இல்ல சார், அந்த கவுன்ட்டர்" என்று நம்மை அலைய விடுவார்களே, அதேதான்.

நொந்தவள், நாமக்கல்
அழகாகக் கட்டினேன். பறக்கிறவன் வந்து எல்லாம் போச்சு!

கொத்தனார் வேலை ஆகாயத்தில் செல்லாது. அவன் நேர்கோட்டில் போவான். அந்தக் கோட்டடியில் 'ஸ்வார்ம்' கோபுரம் வையுங்கள். தரையில் நடப்பவனை அது ஏறெடுத்தும் பார்க்காது. அவ்வளவு கர்வம்.

கணக்கு வாத்தியார், கடலூர்
மிக நீளமான பாதைக்குச் சூத்திரம் உண்டா?

குறுகிய வழி கண்டுபிடிப்பது கம்ப்யூட்டருக்குச் சுண்டைக்காய். அந்தக் குறுகிய வழியே முடிந்தவரை நீள, எங்கெங்கே அடைப்பது? அது 'என்.பி. ஹார்டு' ரகம். வேகமான பொதுச் சூத்திரம் இதுவரை யார் கையிலும் இல்லை. மாணவன் கண்டுபிடித்தால் முட்டை போட்டுவிடாதீர்கள்.

தோட்டக்காரன், தென்காசி
'ப்ளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ்' இதில் சேர்த்தியா?

2009-ல் வந்த ஒன்றுவிட்ட தம்பி. வழியெல்லாம் நேர்கோடு, கட்டட வேலை இல்லை, களை பிடுங்கும் வேலை.

ஆபீஸ் பையன், ஆவடி
இதையெல்லாம் ஆரம்பித்த புண்ணியவான் யார்?

ஒருவரைச் சொன்னால் அடிதடி ஆகும். 1990-லேயே அடாரியின் 'ராம்பார்ட்' கோட்டைச் சுவர் எழுப்பவைத்தது. பிறகு 'வார்கிராஃப்ட் 3' ரசிகர்கள் தாங்களே வரைபடம் போட்டு இதை வளர்த்தார்கள். 2007-ல் பால் பிரீஸ் மேசைப் பரப்பையே போர்க்களமாக்கி 'டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ்' தந்தார். ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து மேசையைத்தான் பார்க்கிறீர்கள். மேனேஜர் என்ன சொல்ல முடியும்?

பழைய பித்தன், பழனி
அந்த கேம் இப்போது பிரவுசரில் திறக்கவில்லையே?

அதை பிரவுசரில் ஓட்டிய மென்பொருள் ஃபிளாஷ். 2020 டிசம்பர் 31-ஓடு அதற்குப் பால் ஊற்றியாயிற்று. 'ரஃபிள்' என்ற மென்பொருள் பல பழைய ஃபிளாஷ் கேம்களை எழுப்பி உட்காரவைக்கிறது. முயன்று பாருங்கள்.

சிக்கியவன், சிவகாசி
நாற்பதாவது அலை ஓடும்போது மனைவி கூப்பிட்டால்?

நிறுத்தி வைக்கும் பட்டன் கேமில்தான் உண்டு. எழுந்து ஓடுங்கள்!