புரொக்டர் ஐயாவும் மிலான் பார்ட்னரும்

எங்கள் காலத்தில் லோயரைப் பார்க்கப் போவதென்றால் முதல் நாளே வேட்டியைத் துவைத்துக் காயப்போட வேண்டும். விடியற்காலையில் தோட்டத்திலிருந்து இறங்கி, தெல்தோட்டைக் கடைவீதியில் பஸ் பிடித்து, கலஹா தாண்டி, பேராதனைப் பல்கலைக்கழகத்து மரங்களை எட்டிப் பார்த்துக்கொண்டே கண்டிக்குப் போய்ச் சேரும்போது, அந்த வேட்டி திரும்பவும் துவைக்கிற நிலைக்கு வந்திருக்கும். அப்பாவின் கையில் ஒரு பை. பைக்குள் போஞ்சியும் கரட்டும். வெறுங்கையோடு போனால் ஃபைல் அசையாது என்பது அவர் கண்ட சட்டம்.

புரொக்டர் ஐயாவின் அலுவலகம் ஒரே அறை. வாசலில் அவர் பெயர் மட்டும் உள்ள பலகை, உள்ளே ஒரு வாங்கு, சிவப்பு நாடாவால் கட்டிய ஃபைல்கள், ஒரு டைப்ரைட்டர், அதன் பின்னால் கிளாக்கர். புரொக்டர் ஐயாவை நான் பார்த்ததெல்லாம் கதவுக்கும் காருக்கும் நடுவில்தான். எங்களுக்கு லோயர் அந்தக் கிளாக்கரே. போஞ்சியும் அவர் வீட்டுக்குத்தான் போனது.

அப்பாவின் வழக்கு காணி வழக்கோ அடிதடி வழக்கோ அல்ல. தான் இந்த நாட்டு ஆள் என்பதுதான் வழக்கு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான எங்களை வெளியே நிறுத்தியது. அடுத்த வருடம் வந்த 3 ஆம் இலக்கச் சட்டம், மனுப் போட்டால் பார்க்கலாம் என்றது. 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன்பு விடாமல் 7 வருடம் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். கல்யாணமாகாதவர் என்றால் 10 வருடம். 1951 ஆகஸ்ட் 5 ஆம் திகதியோடு மனு ஏற்பது முடிந்தது. 8 இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக மனுக்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. விசாரணை முடியவே பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. அதனால்தான் அப்பாவின் பின்னால் போகும் வயது எனக்கும் வந்து சேர்ந்தது.

அத்தாட்சிக்கு எங்கே போவது? வேலை செய்த கணக்கு தோட்ட ஒஃபிஸ் செக்ரோலில் இருந்தது. அதாவது, நாங்கள் இங்கே இருந்தோமா என்பதைத் துரைமாரின் புத்தகம்தான் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்தில் அப்பா 'கறுப்பன்'. அரிசிப் புத்தகத்தில் 'கருப்பையா'. அக்காவின் பிறப்புச் சான்றிதழில் 'கருப்பண்ணன்'. கிளாக்கர் மூன்றையும் மேசையில் வரிசையாக அடுக்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"இந்த மூணு பேரும் ஒரே ஆளுன்னு யார் சொல்றது?"

"நான்தாங்க சொல்றேன்" என்றார் அப்பா.

"நீங்க சொன்னா எப்படி? நீங்க யாருங்கிறதுதானே கேள்வியே!"

அப்பா அதற்கு மேல் பேசவில்லை. கிளாக்கர் இரக்கப்பட்டு ஒரு பெருமையைச் சொல்லி அனுப்பினார்: நம்முடைய ஆள் ஒருவரின் வழக்கு லண்டன் வரைக்கும் போனதாம். போனது உண்மைதான். ருவன்வெல்ல வாக்காளர் இடாப்பில் பெயரைச் சேர்க்கச் சொன்ன கொடக்கன் பிள்ளையின் வழக்கு, 1951 இல் இங்கே உயர்நீதிமன்றத்திலும் 1953 இல் லண்டன் பிரிவி கவுன்ஸிலிலும் தோற்றது. தோற்ற கதையைக் கிளாக்கர் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அப்பா, லண்டன் போன வழக்கை நினைத்துச் சந்தோஷமாகவே இருந்தார்.

எங்களுக்கு ஒரு கிளாக்கர் என்றால், தோட்டத்துக்கு வாய்த்த சட்டப் பரிவாரமே வேறு. 1840 இல் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்துக் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியது ஆக்கியது. அடுத்த வருடமே, 1841 இல், கொழும்பில் எஃப். ஜே. அன்ட் ஜீ. டி சேரம் என்ற சட்ட நிறுவனம் தொடங்கியது. இன்றும் நடக்கிறது. எங்களுக்குப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867 இல்தான். தேயிலைக்கு 26 வருடம் முந்தியே லோயர் கம்பெனி வந்துவிட்டது! 1879 இல் ஜூலியஸ் அன்ட் கிரீஸி வந்தது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, 1975 இல் அரசாங்கம் கம்பெனித் தோட்டங்களை எடுத்தது, 1992 இல் பல தோட்டங்களின் நிர்வாகத்தைத் திரும்பவும் கம்பெனிகளிடம் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் கட்டுக்கட்டாகப் பத்திரம், கையெழுத்து, முத்திரை. லயத்துக்கு வந்து சேர்ந்தது தோட்டத்துப் பலகையில் புதுப் பெயிண்ட் வாசம் மட்டும். காம்பரா ஒழுகுவதைப் பற்றி எந்தப் பத்திரத்திலும் ஒரு வரி இருந்ததாகத் தெரியவில்லை.

அப்பாவின் மனு தள்ளுபடியானது. 1964 இல், எங்களை இரண்டு நாடும் பங்கு பிரித்துக்கொள்ளும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, பெரியப்பா குடும்பம் இந்தியா போனது. நாங்கள் எந்த நாட்டு ஆளும் இல்லாமல் இங்கேயே கொழுந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். 1988 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு ஒரு சத்தியக் கடதாசியோடு காரியம் முடிந்தது. நான்தான் நான் என்று நானே சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். அப்பா அதைப் பார்க்க இல்லை.

இப்போது என் பேத்தி சட்டத்தரணி. புரொக்டர், அப்புக்காத்து என்ற பேதமெல்லாம் 1974 இலேயே ஒழிந்து எல்லாரும் சட்டத்தரணிகள் ஆகிவிட்டார்கள். கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்தில், கம்பெனிப் பிரிவில் இருக்கிறாள். அவள் கறுப்புக் கோட்டை நான் சத்தியப்பிரமாணப் போட்டோவில் பார்த்ததோடு சரி. கோர்ட்டுக்கே போகாமல் லோயர் வேலை பார்க்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. போன மாதம் மிலானில் இருக்கும் ஒரு சட்ட நிறுவனத்தின் பார்ட்னரோடு ராத்திரி ராத்திரியாக சூமில் பேசிக்கொண்டிருந்தாள்.

இத்தாலிக் கதைகளை அவள்தான் சொன்னாள். ரோமில் கியொமென்டி என்ற நிறுவனம் தொடங்கியது 1948 இல். எங்கள் தலையில் சட்டம் விழுந்த அதே வருடம்! இப்போது அதற்கு லண்டன், நியூயோர்க், பெய்ஜிங் என்று அலுவலகங்கள். 1999 இல் அலுவலகங்கள் ஒன்றுசேர்ந்து உருவான பொனெல்லிஎரேதே, கெய்ரோ, அடிஸ் அபாபா வரை கால் வைத்தது. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது 1939 ஆம் ஆண்டுச் சட்டம். முசோலினி காலத்தது. லோயர்கள் கூட்டாக அலுவலகம் வைத்தால், கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஒளியக்கூடாது. ஒவ்வொருவர் பெயரும் பட்டமும் வெளியே தெரிய வேண்டும். கம்பெனியாக நடத்துவதற்கிருந்த தடை 1997 இல்தான் நீங்கியது. முசோலினி செய்ததில் எனக்கு விளங்கிய ஒரே காரியம், பெயரை வெளியே காட்டச் சொன்ன இந்தச் சட்டம்தான். பிறகு, யூதத் தொழில்வல்லுநரை ஒதுக்குகிற நோக்கமும் அதற்குள் இருந்தது என்று பேத்தி சொன்னாள். அதையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

"நூற்றுக்கணக்கான லோயருக்கு அங்க என்னம்மா வேலை?" என்று கேட்டேன்.

"ஒரு கம்பெனிய வாங்க முன்னுக்கு எல்லாக் கடதாசியும் வாசிக்கணும் தாத்தா. காணி உறுதி, கடன், வழக்கு, தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. ஒரு இடத்துல பேர்ல ஒரு எழுத்து மாறியிருந்தாலும் விளக்கம் கேப்போம்."

"இதை எங்க கிளாக்கர் ஒரு பை போஞ்சிக்குச் செய்தாரே!"

சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், நல்ல சமயம் என்று என்னுடைய கடதாசியை எடுத்தேன். மலையகத்தில் 7 பேர்ச்சஸ் காணி, தனி வீடு, 'பசுமை பூமி' உறுதி என்றெல்லாம் வழங்கினார்களே, அந்த நாட்களில் என் கைக்கும் ஒன்று வந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போனில் படம் பிடித்து அனுப்பினேன். மிலான்காரருக்கு வாசிப்பதைப் போலவே வாசித்திருப்பாள் போல. பதில் வர ஒரு மணித்தியாலம் ஆனது.

"தாத்தா, இது உறுதி இல்ல. தோட்டத்துல குடியிருக்கலாம்னு ஒரு கடிதம். நில அளவைப் பட இலக்கமும் இல்ல, பதிவும் இல்ல."

"அப்ப நீயே எடுத்து நடத்து. வீட்டுல லோயரை வச்சிக்கிட்டு நான் எங்க போறது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, எங்கள் கிளாக்கரின் குரலில் சொன்னாள்: "ஏலாது தாத்தா. எங்க ஒஃபிஸுக்குத் தோட்டக் கம்பெனிங்க கட்சிக்காரர். தோட்டக் காணி விஷயத்துல எதிர்ப் பக்கம் நிக்க எங்களுக்கு அனுமதி இல்ல."

நியாயம்தான். அப்படியானால் மிலான்காரரிடம் கேட்டுப் பார் என்றேன். கோப்பி குடிக்கிற நாடு. தேயிலைக் கம்பெனி எதுவும் அவர்களுக்குக் கட்சிக்காரராக இருக்க வாய்ப்பில்லை. அவர்கள் மணித்தியாலத்துக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று யூரோவில் சொன்னாள். நான் போனை மருமகளிடம் கொடுத்துவிட்டேன்.