பித்தம் தலைக்கேறும் படலம்

பாயிரம்: கடலூரை அடுத்த திருவந்திபுரத்து மலைக்கு ஔஷதகிரி என்று பெயர். மருந்து மலை. உச்சியில் கல்விக்கு அதிபதியான குதிரைமுக ஹயக்ரீவர். எதிரே கீழே தேவநாதப் பெருமாள். சுற்றிலும் கல்யாண மண்டபங்கள். நல்ல முகூர்த்தமென்றால் ஒரே காலையில் நூற்றுக்கு மேல் தாலி ஏறும். மேலே மூளை, கீழே வயிறு, நடுவே 74 படி. இதில் ஒரு சாஸ்திரமே இருக்கிறதென்று அடியேனுக்கு மூன்றாம் பந்தியில், இரண்டாவது ஜாங்கிரியின்போது விளங்கிற்று. சட்டைப்பையில் ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது: ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று.

முதல் நூற்பா: கல்லீரல் கொழுத்தோர் நால்வகைப்படுவர்.

இஃது என் நுதலிற்றோ எனின், பந்தியில் உட்கார்ந்திருப்போரை வகுத்தல் நுதலிற்று. ஈரலில் கொழுப்பு நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டினால் இந்த இனத்தில் சேர்க்கை உண்டு. முதலாமவர் சமத்துவர்: "இது எல்லாருக்கும் இருக்கிறதுதானே சார்." இரண்டாமவர் உத்தமர்: "நான் தொட்டதே இல்லையே!" பாட்டிலைத் தொடவில்லை, சரி, மிஞ்சிய சர்க்கரையையும் சோற்றையும் ஈரல் தானே கொழுப்பாக்கிக்கொள்ளும் என்பதை இவரிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றாமவர் கீழாநெல்லியர், மஞ்சள் காமாலைக்கும் இதற்கும் ஒரே இலை என்பது கட்சி. நாலாமவர் ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர். நான் முதல் வகையில் பிறந்து நாலாவதில் வளர்ந்தேன்.

இரண்டாம் நூற்பா: ஈரல் கெட்டால் தலை கெடும்.

தமிழன் இதை எப்போதோ சொல்லிவிட்டான். பித்தம் சுரப்பது கல்லீரலில். அது தலைக்கேறினால் பித்து. திருவெண்ணெய்நல்லூரில் சிவனையே பித்தன் என்றழைத்தார் சுந்தரர். டாக்டர்கள் பித்தத்தை விட்டுவிட்டு அம்மோனியாவைப் பிடித்தார்கள். குடலில் உண்டாகும் அம்மோனியாவை ஈரல்தான் யூரியாவாக மாற்றி வெளியே அனுப்புகிறது. ஈரல் சுருங்கித் தழும்பேறிய பிறகு அந்த வேலை நின்றுபோகும். நஞ்சு மூளைக்கு ஏறும். இரவில் விழிப்பு, பகலில் தூக்கம், கணக்கில் தடுமாற்றம், கிழமை மறதி, நீட்டிய கை கொக்கின் சிறகாக அடித்தல், கடைசியில் நினைவிழப்பு என்று அவர்களும் 0 முதல் 4 வரை படிநிலை வகுத்திருக்கிறார்கள். என் சாஸ்திரத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

இதற்கொரு சோதனை உண்டு, விளையாட்டல்ல. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியும்? 15க்குக் குறைந்தால் சந்தேகம், 10க்குக் குறைந்தால் கவலை. நான் 18 சொன்னேன். என் மனைவி யாளியைத் தள்ளுபடி செய்ததில் 17.

ஆனால் தழும்பு வரை போகாத, வெறும் கொழுத்த ஈரல்? இங்கேதான் சாஸ்திரம் முட்டிக்கொள்கிறது. அமெரிக்காவின் பிரேமிங்காமில் 766 பேரைப் படமெடுத்துப் பார்த்து, ஈரல் கொழுத்தவர்களின் மூளை சற்றுச் சிறுத்திருந்ததாக 2018-ல் எழுதினார்கள். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கைக் குடிக்கிறது; கொழுத்த ஈரல் இன்சுலினுக்கு அடங்காமல், அழற்சிப் பொருள்களை ரத்தத்தில் கலந்து, குழாய்களைக் கெடுத்தால் அதற்கு வலிக்காதா? வலிக்கும் என்றே நினைக்கிறேன். ஈரல்தான் குற்றவாளியா, சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை என்ற பழைய கூட்டாளிகளோடு நின்றதால் பிடிபட்டதா என்ற வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. 2023-ல் டாக்டர்கள் நோயின் பெயரை மட்டும் மாற்றினார்கள். நம் ஊரில் அது ஃபேட்டி லிவராகவே இருக்கிறது.

மூன்றாம் நூற்பா: எடை குறையின் ஈரல் இளைக்கும்.

உரை வேண்டாம். நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே கொழுப்பு கரையத் தொடங்கும். 7 முதல் 10 குறைந்தால் வீக்கமும் தணியும்.

திருவந்திபுரத்துக்குக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தயவுசெய்து பந்திக்கு முன்பே அந்த 74 படிகளை ஏறிவிடுங்கள். இலையை மடித்த பிறகு ஹயக்ரீவரைப் பார்க்கப் போனவர் எங்கள் குடும்பத்தில் இதுவரை எவரும் இல்லை.